சிறுநீரகமும் அதன் காவலரும்

"வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்பது நம் நாட்டுப் பழமொழி. காக்க வேண்டியதே அழிக்கத் தொடங்கினால் யாரிடம் சென்று முறையிடுவது என்னும் ஏக்கம் அதில் ஒலிக்கின்றது. இந்த வேலியை நாம் வயலில் மட்டும் தேட வேண்டுவதில்லை. நம் உடலினுள்ளேயே அத்தகைய வேலி ஒன்று உண்டு. வெள்ளணுக்கள் என்று நாம் பாடநூலில் படிக்கும் காவல் அணுக்களே அவ்வேலி. அவை சிறுநீரகத்தை எவ்வாறு காக்கின்றன, சில வேளைகளில் அதனையே எவ்வாறு மேய்ந்து விடுகின்றன, அப்போது மனிதன் கண்ட வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சிறுநீரகத்தின் பணி

நம் முதுகெலும்பின் இரு பக்கங்களிலும், விலா எலும்புகளின் கீழ் ஓரத்தில், அவரை விதையின் வடிவில் இரு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நம் கை முட்டியளவே இருக்கும். எடை ஏறத்தாழ 150 கிராம். இத்துணைச் சிறிய உறுப்புகளுக்கு இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஓடி வருகின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் நுண்ணிய தந்துகிகளால் ஆன முடிச்சு ஒன்று உண்டு. அதற்குக் குளோமருலஸ் என்று பெயர். அதுவே சல்லடை.

இச்சல்லடைகளின் வழியாக நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் வடிக்கப்படுகின்றது. நம் வீட்டுக் குடத்தால் அளந்தால் பன்னிரண்டு குடம்! அதில் பெரும்பகுதி நீரையும், சர்க்கரையையும், வேண்டிய உப்புகளையும் நெஃப்ரானின் குழாய்கள் மீண்டும் இரத்தத்திற்கே திருப்பி அனுப்பி விடுகின்றன. எஞ்சிய கழிவு மட்டும் ஒன்றரை லிட்டர் அளவில் சிறுநீராக வெளியேறுகின்றது. வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை விலக்கும் இந்த விவேகமே சிறுநீரகத்தின் சிறப்பு. அதே விவேகம் அதன் காவலர்களுக்கும் வேண்டும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

காவலர் யாவர்?

1882 ஆம் ஆண்டு இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் ரஷ்ய அறிஞர் இல்யா மெச்னிகோவ் ஓர் எளிய சோதனை செய்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றின் உடலில் சிறு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் அணுக்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. உடலுக்குள் புகும் அயலானை விழுங்க விரையும் அணுக்கள் உண்டு என்பதை உலகம் இவ்வாறு அறிந்தது. இதற்காக 1908 ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இக்காவலர் பல வகையினர். நியூட்ரோஃபில்கள் முதலில் ஓடி வரும் காலாட்படை. கிருமிகளை விழுங்கித் தாமும் மடியும். மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிகள் அந்தந்த உறுப்பிலேயே குடியிருப்பவை. கிருமியை உண்பதோடு போர் முடிந்தபின் களத்தைத் துப்புரவு செய்வதும் அவற்றின் வேலை. லிம்போசைட்டுகள் அறிவாளிகள். அவற்றுள் பி அணுக்களிலிருந்து உண்டாகும் அணுக்கள் எதிர்ப்பொருள்களைச் செய்து அனுப்புகின்றன. டி அணுக்கள் அயலானை அடையாளம் கண்டு தாமே தாக்குகின்றன, பிறரையும் ஏவுகின்றன. ஒருமுறை கண்ட பகைவனை இவை எளிதில் மறப்பதில்லை.

உப்பு அழைக்கும் காவல்

சிறுநீரகத்திற்குப் பகைவர் பெரும்பாலும் கீழிருந்தே வருகின்றனர். குடலில் வாழும் ஈ. கோலி போன்ற கிருமிகள் சிறுநீர்த்தாரை வழியாகச் சிறுநீர்ப்பையை அடைந்து, அங்கிருந்து மேலேறக்கூடும். ஆண்களின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 20 செ.மீ. நீளம் இருக்க, பெண்களுக்கு அது 4 செ.மீ. அளவே. எனவேதான் இத்தொற்று பெண்களை மிகுதியாகத் தாக்குகின்றது.

மேலேறி வரும் கிருமி முதலில் அடைவது சிறுநீரகத்தின் உட்பகுதியை. அங்கே காவல் இருக்கின்றதா? இருக்கின்றது. அக்காவலரை அழைப்பது எது என்பதுதான் வியப்பு. நாம் சமையலில் இடும் உப்பே அது! நீரைச் சேமிப்பதற்காகச் சிறுநீரகம் தன் உட்பகுதியை மிகுந்த உப்புத்தன்மையுடன் வைத்திருக்கின்றது. அவ்வுப்பை உணரும் குழாய் அணுக்கள் ஒருவகை வேதிப்பொருள்களை வெளியிட்டு, விழுங்கும் அணுக்களை அங்கே வரவழைத்து நிறுத்துகின்றன என்று 2017 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். நீரைக் காக்க வைத்த உப்பே வாயிற்காவலையும் அமர்த்தி விடுகின்றது. ஒரு பொருளால் இரு பயன் கொள்ளும் படைப்பின் சிக்கனத்தை என்னென்பது!

இதனைப் படித்துவிட்டு ஊறுகாய்ச் சாடியையும் அப்பளத்தையும் தேடி ஓட வேண்டா. 2020 ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர், உப்பு மிகுந்த உணவை உண்ட எலிகளின் நியூட்ரோஃபில்கள் கிருமிகளைக் கொல்லும் வலிமை குன்றிச் சிறுநீரகத் தொற்றுக்கு ஆளாயின என்று காட்டினர். உப்பு இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருந்தால்தான் நன்மை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவாக, உண்ணுங்கள் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை.

போர் இல்லாத நாளிலும் இக்காவலர் சோம்பி இருப்பதில்லை. சிறுநீரகத்தின் உட்பகுதியில் வாழும் பெருவிழுங்கிகள் குழாய்ச் சுவரின் இடுக்கு வழியே கை நீட்டி, சிறுநீரில் மிதந்து வரும் துகள்களைப் பற்றி அகற்றுவதை எலிகளிடம் அறிஞர் அண்மையில் கண்டுள்ளனர். வாய்க்காலில் சேரும் சருகை நாள்தோறும் அள்ளிப் போடும் நீர்க்கட்டிபோல் அவை பணி செய்கின்றன.

வேலி பயிரை மேயும்போது

இனி வேதனையான பகுதிக்கு வருவோம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகின்றது. அல்லது கை கால்களில் சிரங்கு வருகின்றது. காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி. காவலர் போரிட்டு வென்று விடுகின்றனர். புண் ஆறி விடுகின்றது. ஆனால் தொண்டைப் புண் வந்து ஒன்றிரண்டு வாரங்களிலோ, சிரங்கு வந்து மூன்று முதல் ஆறு வாரங்களிலோ, ஒரு நாள் காலையில் குழந்தையின் முகம் ஊதியிருக்கின்றது. சிறுநீர் கட்டங்காப்பியின் நிறத்தில் இறங்குகின்றது. இரத்த அழுத்தம் ஏறுகின்றது. போர் முடிந்தபின் இது எப்படி நேர்ந்தது?

கிருமியின் சிதைவுகளும் அவற்றைப் பற்றிய எதிர்ப்பொருள்களும் ஒன்றாய்ப் பிணைந்து குளோமருலஸ் சல்லடையில் படிந்து விடுகின்றன. ஓயாமல் இரத்தத்தை வடிக்கும் சல்லடையில் எது வந்தாலும் சிக்குவது இயல்புதானே! அதனைக் கண்ட காவலணுக்கள் பகைவன் இன்னும் அங்கே இருக்கின்றான் என்றெண்ணி அச்சல்லடையையே தாக்குகின்றன. சல்லடை கிழிந்து இரத்த அணுக்கள் சிறுநீரில் கலக்கின்றன. பகைவன் இல்லாத களத்தில் நடக்கும் போர் இது. நல்ல வேளையாக, தக்க மருத்துவம் பெறும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் முழு நலம் பெறுகின்றனர்.

இத்தகைய சிறுநீரக அழற்சியைத் தெளிவாக ஆராய்ந்தவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். 1827 ஆம் ஆண்டு அவர் தம் ஆய்வை வெளியிட்டார். நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியில் இட்டு மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், முட்டையின் வெண்கரு போல் அது திரைந்தது. சல்லடையின் ஓட்டையால் இரத்தத்தின் புரதம் ஒழுகுகின்றது என்பதற்கு அதுவே சான்று. இன்றும் சிறுநீரில் புரதம் உண்டா என்று பார்ப்பதே மருத்துவரின் முதற் சோதனைகளுள் ஒன்று.

பெண்களாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய நோய் லூபஸ். இதில் காவலணுக்கள் தம் சொந்த அணுக்களின் உட்கருவையே அயலானாகக் கருதி எதிர்ப்பொருள்களைச் செய்து விடுகின்றன. இந்நோய் கொண்டோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்; அவர்களுள் பலர் இளம் வயதினர். மூட்டுவலி, ஓயாத களைப்பு, முடி உதிர்தல், வெயில் பட்டால் கன்னங்களில் சிவந்த தடிப்பு ஆகியவை இதன் அறிகுறிகளுள் சில. ஏறத்தாழ பாதிப்பேர் வரை சிறுநீரகமும் தாக்கப்படுகின்றது. "படிப்புச் சுமையால் வந்த சோர்வு" என்று வீட்டார் தள்ளி விடும் மாதங்களில் சிறுநீரகம் ஓசையின்றிக் கெடலாம். காலத்தில் கண்டறிந்தால் காக்க மருந்துகள் உண்டு.

சில மருந்துகளும் காவலரைத் தூண்டி விடும். கடையில் நாமே கேட்டு வாங்கி அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள் சிலருக்கு ஒவ்வாமல் போய், சிறுநீரகக் குழாய்களின் இடையே அணுக்கள் திரண்டு அழற்சியை உண்டாக்குவது உண்டு. இனி, நீரிழிவும் உயர்ந்த இரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் நீடித்தால், பழுதுபார்க்க வந்த பெருவிழுங்கிகளே நெடுநாள் தங்கி, தழும்புத் திசு பெருகக் காரணமாகின்றன. புண்ணை ஆற்ற வந்த கை, ஆற்றியபின் எடுக்கப்படாமையால் வரும் கேடு இது.

இரட்டையர் தந்த பாடம்

இரு சிறுநீரகங்களும் முற்றிலும் கெட்டு விட்டால் என் செய்வது? வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தலாம் என்று மருத்துவர் எண்ணினர். ஆனால் அதற்குத் தடையாக நின்றவர்களும் இதே காவலர்தாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயமுற்றோரைக் கண்ட பிரிட்டிஷ் அறிஞர் பீட்டர் மெடவார், ஒருவரின் தோலை மற்றொருவருக்கு ஒட்டினால் அது உதிர்வதையும், அதே நபரின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் இன்னும் விரைவாக உதிர்வதையும் கண்டார். காவலணுக்கள் அயலானை நினைவில் வைத்திருந்தன என்பதே அதன் பொருள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் ஹெரிக் என்னும் 23 வயது இளைஞர் சிறுநீரக நோயால் மரணத்தின் வாயிலில் இருந்தார். அவருக்கு ரொனால்டு என்னும் உருவொத்த இரட்டைச் சகோதரர் இருந்தார். இருவர் உடலும் ஒரே கருவிலிருந்து பிறந்தவை. ஆதலால் காவலணுக்கள் ஒருவரை மற்றவராகவே கருதும் என்று மருத்துவர் ஜோசப் மரே நம்பினார். முதலில் ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்; அது உதிரவில்லை. நலமாக உள்ள ஒருவரின் உடலை அவர் நன்மைக்கன்றிப் பிறர் நன்மைக்காக அறுப்பது முறையா என்னும் கேள்வி எழுந்தது. பல சமயக் குருமாரிடமும் அறிவுரை கேட்டனர். அறுவைக்கு முந்திய இரவு, "நீ வீட்டிற்குத் திரும்பிப் போய்விடு" என்னும் கருத்தில் ரிச்சர்ட் தம் சகோதரருக்கு எழுதி அனுப்பியும், ரொனால்டு போகவில்லை.

1954 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23 ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு இரு நாள் முன்பு, அந்த அறுவை மருத்துவம் நடைபெற்றது. சகோதரர் தந்த சிறுநீரகம் அன்றே வேலை செய்யத் தொடங்கியது. ரிச்சர்ட் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து, மணம் புரிந்து, இரு குழந்தைகளுக்குத் தந்தையானார். ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த ரொனால்டு கணித ஆசிரியராகப் பணியாற்றி 2010 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். கொடுத்தவர் குறைந்து போகவில்லை! கத்தோலிக்கக் கல்லூரியில் பயின்று இறுதிவரை ஆழ்ந்த விசுவாசியாக வாழ்ந்த மரே, 1990 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இரட்டையர் எல்லோருக்கும் கிடைப்பரோ? மற்றவர்களுக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் கெர்ட்ரூடு எலியன். பெண் என்பதால் ஆய்வுக்கூட வேலை கிடைக்காமல் சில காலம் பள்ளியில் பாடம் கற்பித்தவர். 1944 ஆம் ஆண்டு மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்து, ஜார்ஜ் ஹிட்சிங்ஸுடன் உழைத்து அசத்தையோப்ரின் என்னும் மருந்து உருவாகக் காரணமானார். அது காவலணுக்கள் பெருகுவதைத் தணிக்கின்றது. அதன் துணையால் 1962 ஆம் ஆண்டு மரே, உறவினரல்லாத, இறந்துபோன ஒருவரின் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பொருத்தினார். அது ஓராண்டுக்கு மேல் இயங்கியது. எலியன் 1988 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் வெற்றியுடன் நடந்த முதல் சிறுநீரக மாற்று 1971 ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நிகழ்ந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

எனினும் இம்மருந்துகளுக்கு ஒரு விலை உண்டு. காவலரை அடக்கினால் சிறுநீரகம் தப்பும். ஆனால் கிருமிகளுக்கும் கதவு சற்றே திறக்கும். ஆகவே மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் நாள் தவறாமல் மருந்துண்டு, தொற்றுக்கு அஞ்சி வாழ வேண்டியவராகின்றார்.

அடங்கச் செய்யும் அணுக்கள்

அவ்வாறாயின், காவலரை மயக்காமலே நிறுத்த வழி இல்லையா? அவ்வழியை இறைவன் நம் உடலிலேயே வைத்துள்ளான். "போதும், நில்" என்று தம் தோழர்களைத் தடுக்கும் டி அணுக்கள் சில உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சிமோன் சாகாகுச்சி 1995 ஆம் ஆண்டு காட்டினார். இவை ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் எனப்படும். இவற்றின் இயக்கத்திற்கு அடிப்படையான ஜீனை அமெரிக்காவில் மேரி பிரன்கோ என்னும் பெண்மணியும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001 ஆம் ஆண்டு கண்டறிந்தனர். மூவருக்கும் 2025 ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற சிலருக்கு இவ்வணுக்களைப் பெருக்கிச் செலுத்திப் பார்க்கும் சோதனைகளும் நடந்துள்ளன. படையின் பெருமை அதன் வலிமையில் மட்டும் இல்லை; எங்கே நிறுத்துவது என்று அறிவதிலும் இருக்கின்றது என்பதை இவ்வணுக்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

நம் கையில் உள்ளவை

அறிஞர் செய்வதை அறிஞர் செய்க. நாம் செய்யக்கூடியவை யாவை? காலையில் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர்ப் புட்டி மாலையில் அதே எடையுடன் வீடு திரும்புவதை நாம் அறிவோம். தண்ணீர் குடித்தால் பாடவேளையின் நடுவே எழுந்து கேட்க வேண்டும் என்னும் கூச்சமே காரணம். நான்கு அங்குலம்கூட இல்லாத வழியில் ஏறி வரும் கிருமியைக் கீழே தள்ளிக் கழுவுவது சிறுநீரின் ஓட்டம்தான். அதனைத் தேக்கி வைத்தால் காவலருக்கு வேலை மிகும். ஆகவே கூச்சத்தை விடுத்து நீர் அருந்துவோம்; இயற்கையின் அழைப்பை அடக்காதிருப்போம். எரிச்சலும் குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் வந்தால் அம்மாவிடம் உடனே சொல்லுவோம். இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

தம்பி தங்கையரின் சிரங்கை "தானே ஆறிவிடும்" என்று விடாமல் மருத்துவரிடம் காட்டச் செய்வோம். காலையில் முகம் ஊதினாலும், சிறுநீர் நிறம் மாறினாலும், நுரைத்து இறங்கினாலும் அன்றே சோதனை செய்யச் சொல்லுவோம். மருத்துவர் சொல்லாமல் வலி மாத்திரை உண்ணுவதைத் தவிர்ப்போம்.

இன்னும் ஒன்று. 1994 ஆம் ஆண்டுச் சட்டம் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் செய்ய நம் நாட்டில் இடமளித்துள்ளது. 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29 ஆம் நாள், உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர்களின் உலக மாநாட்டில் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் உறுப்புக் கொடையை உண்மையான அன்புச் செயலாகப் போற்றினார். நம் இல்லங்களில் இதுபற்றிப் பேசத் தொடங்க நம்மால் முடியும் அன்றோ?

நம் உடலின் காவலணு தன்னையும் அயலானையும் பிரித்தறிய வேண்டும். அஃது அதன் கடமை. ஆனால் அயலான் என்று எண்ணியவனுள் தன் சகோதரனைக் காண்பது மனித உள்ளத்தால் மட்டுமே ஆகும். அவ்வுள்ளத்தை நமக்குத் தந்த இறைவனுக்கு நன்றி கூறி, அவன் தந்த உடலையும் பேணிக் காப்போமாக!